என்னைப் போலவே ஒருத்தி

உங்களுக்கு எதற்கு இந்தக் கதை? வீட்டில் துவைக்கத் துணி இல்லையா, அரைக்க மாவு இல்லையா? பக்கத்து வீட்டில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் காதைத் திருப்புகிற ஆட்கள்தானே நீங்கள். என் புருஷனுக்கு மூளை கெட்ட கதையை நான் சொல்ல வேண்டும், நீங்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உச்சுக்கொட்ட வேண்டும், அப்புறம் எழுந்து போய் ராத்திரிக்குச் சட்னியா சாம்பாரா என்று யோசிக்க வேண்டும். எனக்கு இதில் என்ன கிடைக்கும்? சரி, வந்துவிட்டீர்கள். உட்காருங்கள். அழுகிறவர்கள் அவரவர் முந்தானையில் அழுதுகொள்ள வேண்டும். என்னுடையதை இழுக்கக் கூடாது.

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே நாங்கள், மாடியில் ஒரு மாமி. வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தார். மெத்தை விரித்த மேடையில் உட்கார்ந்து, சேலையை ஒரு உதறு உதறினால் அது போய் வாடிக்கைக்காரி மடியில் விழும். ஒருமுறை பார்த்த முகம் அவருக்கு மறக்காது. பஸ்ஸில் போகும்போது என் விலாவில் இடிப்பார்.

"அந்தம்மா கீறாங்களே, பொண்ணு கல்யாணத்துக்கு அரக்குல கட்டம் போட்டது எடுத்தாங்க."

"பொம்பளைங்க மூஞ்சி மட்டும் எப்டிங்க உங்களுக்கு மறக்கறதேயில்ல?"

"மூஞ்சிய பாத்தாத்தான்டி கலர் எடுத்துப் போட முடியும்."

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு முதலில் வலது கை நடுங்கியது. பிறகு கால் தேய்ந்து தேய்ந்து நடந்தார். அதற்கும் பிறகு, பீரோ மேல் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பயப்படாமல் சொன்னார், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொல்வதுபோல.

"சாப்டாங்களான்னு கேட்டுடாதீங்க. எறங்கி வந்து எலை போட சொல்லப் போறாங்க" என்றேன். அவரும் சிரித்தார். அப்போது இரண்டு பேரும் சிரிக்க முடிந்தது.

மகன் எங்களை அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு டாக்டரம்மா, என் மகனைவிட வயதில் சின்னவள், மூளை வியாதிகளில் ஆராய்ச்சி செய்கிறவள். ஸ்கேன் எடுத்து, கடிகாரம் வரையச் சொல்லி, கையைக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். மூளையில் ஏதோ ஒரு புரதம் உருண்டை உருண்டையாகத் தேங்குகிறதாம். நடுக்கம், மறதி, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் அதனால்தானாம். மருந்து கொஞ்சம் பிடித்து நிறுத்தும், திருப்பிக் கொண்டுவராது என்றாள். மழுப்பாமல் சொன்னாள், அதனால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் காலை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கவில்லை. என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"உங்கள கட்டிக்கினு மாரடிக்கிறவ."

சிரிக்கவில்லை. என் முந்தானை ஓரத்தைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கடையில் செய்வதுபோலவே.

"சேல அவளோடதுதான். நான்தான் எடுத்துக் குட்த்தேன். மூஞ்சியும் அப்டியே கீது. மச்சம்கூட எடம் மாறாம வெச்சிக் கீறாங்க. ஆனா அசல் இல்ல."

"எதுல கொற கண்டுபுடிச்சீங்க?"

"கொறையே இல்லம்மா. அதான் சந்தேகமா கீது."

அன்றிலிருந்து நான் டூப்ளிகேட். ஒன்று சொல்ல வேண்டும், மரியாதை எக்கச்சக்கம். கல்யாணமான நாள்முதல் 'ஏய்', 'இந்தா' என்பதைத் தவிர வேறு பேர் எனக்கு இல்லை. டூப்ளிகேட்டுக்கு 'வாங்கம்மா', 'உக்காருங்கம்மா', 'தண்ணி குடிக்கிறீங்களா'. கடைக்கு வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த குரலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இத்தனை வருஷம் பொண்டாட்டியாக இருந்து என்ன கண்டேன், முதலிலேயே வேற்றாளாக வந்திருக்கலாம் என்று மாமியிடம் சொன்னேன். மாமி சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோறு விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது. யார் என்றே தெரியாதவள் கையால் சாப்பிட மாட்டாராம். பொண்டாட்டி வரட்டும் என்று தட்டைத் தள்ளிவைத்தார். மாத்திரையைத் துப்பினார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் நான் தட்டோடு கிட்டே போனபோது, "எங்கடி அவ? அவள இன்னா பண்ண?" என்று கத்தி, நடுங்குகிற அதே கையால் என்னைத் தள்ளினார். வாசல் கிரில்லில் என் மணிக்கட்டு மோதியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சந்தில் தள்ளுவண்டிக்காரன் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "இன்னா பாக்கற? நாடகம் முடிஞ்சிது, தராசப் புடி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

மாமி கைக்கு எண்ணெய் தடவினாள். அவளுடைய போனை வாங்கி, உள்ளே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் எங்கள் வீட்டு போனுக்குக் கூப்பிட்டேன்.

"யாரு?"

"இந்தாங்க, நான்தான்."

"அடிப்பாவி! எங்கடி போய்த் தொலஞ்ச?" என்றார். அந்த அதட்டலைக் கேட்டதும் மாமி வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இங்க ஒருத்தி வந்து உக்காந்துகினு எழுந்துக்கவே மாட்றா. உன் சேலயெல்லாம் எட்த்து கட்டிக்கிறா. சீக்கிரம் வா."

மூளைக்குள் என்ன நடந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் நாக்குக்குப் பொய் சொல்ல யோசனை வேண்டியதில்லை.

"சைதாப்பேட்டைல என் தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லங்க. வர நாளாவும். அந்தம்மாவ நான்தான் அனுப்பிக் கீறேன். நல்லவங்க. அவங்க கையால சாப்டுங்க."

"மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

கீழே இறங்கிப்போய்த் தட்டினேன். கதவு திறந்தது. "அவதான் உங்கள அனுப்பினாளாமே. சொல்லக்கூடாதாம்மா?" என்று எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு ரசம் சாதம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் குடித்தனம். வேளா வேளைக்கு மாடிக்குப் போய் போன் போடுவேன், அவர் சரி என்பார், நான் இறங்கி வந்து பரிமாறுவேன். போனில் அவர் என்னைப் பற்றி என்னிடமே கோள் சொல்வார்: "அந்தம்மா சாம்பார்ல உப்பே இல்ல. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" நான் பொண்டாட்டியாக இருந்தவரைக்கும் அதே சாம்பாருக்குத்தான் என்னைத் திட்டுவார். கீழே வந்தால் டூப்ளிகேட்டிடம், "அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்மா, மனசுல ஒண்ணியும் கெடையாது" என்பார். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

மகன் பெருங்குடியில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை செய்கிறான், வீடும் அங்கேதான். வீங்கின என் மணிக்கட்டைப் பார்த்தான்.

"ம்மா, இன்னொரு தடவ கை வெச்சாரு, இல்ல சோறு வேணாம்னாரு, ஹோம்ல சேத்துருவேன். உன்னயும் நான் தூக்கிக்கினு ஓட முடியாது."

"அங்க எல்லாரும் அவருக்கு வேத்தாளுங்கடா. யாரு போன் பண்ணி சாப்புட சொல்லுவாங்க?"

"அப்ப போன் நிக்காம பாத்துக்கோ" என்றான். கோபத்தில் சொல்லவில்லை. அவனும் களைத்துப்போயிருந்தான்.

அவருடைய கடையில் கூட வேலை பார்த்த ஒருவரை அப்படி ஒரு இடத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பழைய சேலைத் துணி, பூப்போட்டது. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அங்கே போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வியாதி போக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

அடுத்த தடவை அடையாறு போனபோது போன் விஷயத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முகம் யாரோடதுன்னு கண்டுபிடிக்க மூளைல ஒரு வழி இருக்கும்மா. அந்த முகத்தைப் பாத்ததும் 'இவ என்னோடவ'ன்னு மனசு துள்ளுதே, அது வேற வழி. ரெண்டும் சேந்தாத்தான் ஆள். இவருக்கு முதல் வழி இருக்கு, ரெண்டாவது அறுந்துபோச்சு. முகம் தெரியுது, துள்ளல. அதனால இது வேற யாரோன்னு மூளை ஒரு கதை கட்டிக்குது."

"போன்ல எப்டி தெரியுது?"

"காது வழியா வர்ற கம்பி தனி. அது இன்னும் அறுகலைன்னு நினைக்கறேன். அதைச் சோதிச்சுப் பாக்க அனுமதி குடுப்பீங்களா?"

"அவருக்கு எதுனா பிரயோசனம் கீதா?"

"இல்லம்மா. பின்னால வர்றவங்களுக்கு இருக்கலாம்."

பின்னால் வருகிறவளும் மாடிப்படி ஏறி இறங்கி முட்டி தேயப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சரி என்றேன். அவரிடமும் போனில் கேட்டேன். "நீ சொன்னா சரி" என்றார்.

அந்த அறையில் அவர் விரல்களில் ஒயர் மாட்டினார்கள். வலிக்காது. மனசு துள்ளினால் விரலில் வேர்க்கும், கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏறும். பக்கத்து அறையில் கண்ணாடிக்கு இந்தப்புறம் நானும் வேறு மூன்று பெண்களும். ஒருவர் பின் ஒருவராகப் போனில் அவரோடு பேச வேண்டும். எல்லோரும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்ல வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் குரலால் வந்தது என்று உறுதியாகுமாம். 'நான்தான் பேசறேன். சாப்டீங்களா?' அதற்கப்புறம் அவர் பேர்.

"பேரு வேணாம் டாக்டரம்மா."

"மத்தவங்க பேசும்போது தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு அவருக்குத் தெரியணுமே. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்மா."

நான் அவர் பேரைச் சொன்னதே கிடையாது. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் மகனை இடிப்பேன். ரேஷன் கடையில் கார்டை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். எங்கள் வயதுக்காரிகள் எல்லோரும் அப்படித்தான். டாக்டரம்மா தன் புருஷனைப் போனில் 'டேய்' என்று கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன். அவளுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்ததே தவிர, அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

மூன்று பெண்களும் பேசினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் 'யாரும்மா?' என்றார். கோடு படுத்துக் கிடந்தது. அப்புறம் நான்.

"நான்தான் பேசறேன். சாப்டீங்களா?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்தது. முகம் அப்படியே விரிந்தது. கோடு மேலே ஓடியது. டாக்டரம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். நான் பேரைச் சொன்னேன். புதுப் பல்செட் மாட்டினதுபோல வாயில் ஒட்டாமல் வந்தது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் மெதுவாக வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற நர்சிடம் சொன்னார்.

"இதுவும் டூப்ளிகேட்தான்மா. கொரல நல்லா புட்ச்சிக் கீறாங்க. ஆனா என் பொண்டாட்டி என் பேர சொன்னதே கெடையாது."

கோடு இறங்கிவிட்டது. டாக்டரம்மா கம்ப்யூட்டரை அணைத்தாள். "பேர் சொல்ற வழக்கம் உண்டான்னு நான் கேட்டிருக்கணும்மா" என்றாள்.

"நீ எந்தப் புருஷன் பேர சொல்லாம இருந்த, ஒனக்குத் தெரியறதுக்கு?" என்றேன். அவள் அழுதுவிடுவாள்போல இருந்தாள். எனக்கு இருந்த நிலைமையில் அவளையும் சமாதானம் பண்ண முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டோவில் திரும்பும்போது அவர் அந்தப் பக்கக் கம்பியை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடிப் போன் போட்டேன். எடுத்தார். 'இந்தாங்க' என்றேன். கெஞ்சினேன்.

"அவ செத்துட்டா. எனக்குத் தெரிஞ்சிபோச்சு. இல்லன்னா இவ்ளோ நாளு வராம இருக்க மாட்டா. ஏம்மா ஏமாத்தறீங்க?" என்று வைத்துவிட்டார்.

நான் கீழே வந்தபோது சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவருடைய அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. தன் சாவுக்குப் புருஷன் அழுகிற அழுகையைப் பக்கத்தில் நின்று பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, சொல்லுங்கள். கட்டிப்பிடிக்கத்தான் முடியவில்லை. போனால், "தொடாதீங்கம்மா" என்றார்.

அன்றும் மறுநாளும் ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை. மகனுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரை ஹோமுக்குக் கூட்டிப்போக வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

மாமிக்கு மனசு கேட்காமல் ஒரு தூக்கில் தயிர்சாதம் கொண்டுவந்தாள். அவர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"சாவு வீட்டுக்குக் கொண்டாந்தீங்களா மாமி? வெச்சிட்டுப் போங்க."

மாமி போனதும் தூக்கைத் திறந்து சாப்பிட்டார். முழுக்கச் சாப்பிட்டார். நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கம் கொண்டுவந்து கொடுப்பார்கள், யார் கையாக இருந்தாலும் சாப்பிட வேண்டும், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மூளையில் எந்தக் கம்பி அறுந்தும் இது அறுகவில்லை.

அப்புறம் எனக்கென்ன, செத்துப்போனேன்.

மகன் கல்யாணத்தில் எடுத்த என் போட்டோவைச் சுவரில் மாட்டினேன். மாட வீதியில் பூக்காரியிடம் போட்டோவுக்கு மாலை கேட்டேன். "யாருக்குக்கா?" என்றாள். "எனக்குத்தான். நல்லா தடிமனா கட்டு, நான் ஒண்ணியும் ஒல்லி இல்ல" என்றேன். அவள் காசு வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாமி என்னைப் படியிலேயே மறித்தாள்.

"ஏண்டிம்மா, புத்தி கித்தி பெசகிடுத்தா நோக்கும்? உசிரோட இருக்கிற சுமங்கலி, தன் படத்துக்குத் தானே மாலை போட்டுண்டு நிப்பாளா?"

"பாவமெல்லாம் என் கணக்குல இருக்கட்டும் மாமி. உங்க பின்பக்கத்து பால்கனியில அடுப்பு வெக்க எடம் மட்டும் குடுங்க."

"மீன் கூடாது."

"செத்தவ எங்க மீன் ஆயப்போறா?"

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். வாசலிலிருந்தே மாலையைப் பார்த்துவிட்டுச் செருப்போடு நின்றான்.

"ம்மா! இன்னா இது?"

"கத்தாத. நான் செத்துட்டேன். உங்கப்பா சாப்ட்டுக்கினு கீறாரு."

அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். மகன் முகம் அவருக்கு எப்போதும் அசல்தான், அது என்ன கணக்கோ. "வந்துட்டியா நைனா. அம்மா பூட்டாடா" என்றார். மகன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவன் அழுத அழுகை நடிப்பு இல்லை. போகும்போது வண்டியைப் பற்றிப் பேசவில்லை. அப்புறமும் பேசவில்லை.

நான் மாடியில் சமைத்து, கீழே கொண்டுவந்து, "மேல் வீட்ல குட்த்தனுப்பினாங்க" என்று வைப்பேன். சாப்பிடுவார். மாத்திரையையும் 'அந்த வீட்டு மாத்திரை' என்று போட்டுக்கொள்வார். சாயங்காலங்களில் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ரொம்ப பேசுவாங்களோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"காது நோவும்மா. இப்ப நோவல. அதான் பேஜாரா கீது."

எனக்கு வாயைத் திறந்து எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவளைப்போலப் பேசினால் மறுபடி டூப்ளிகேட் ஆகிவிடுவேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

விழுங்குவது மெல்ல மெல்ல நின்றது. கஞ்சியானது, பிறகு கஞ்சியும் புரையேறியது. மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி, தன் கட்டிலில், கையைக் காலை யாரும் கட்டாமல் போய்ச் சேர்ந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கடைசியில் உங்களை அடையாளம் தெரிந்ததா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை. "சிரமம் உங்களுக்கு" என்றார், கடைக் குரலில். டாக்டரம்மா வந்து வாசலில் நின்றாள். அவளுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

காரியத்தன்று சந்துப் பெண்கள் கூடினார்கள். பொட்டு அழிக்க ஒருத்தி, வளையல் உடைக்க ஒருத்தி, அழுகிறவர்கள் தனியாக ஓரமாக. நல்ல மனசோடுதான் வந்தார்கள். என்னை மனையில் உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் நின்றபடியே அவர்களுக்குச் சொன்னேன்:

"யாரு வளையல ஒடைக்கப் போறீங்க? அவர் பொண்டாட்டி அவருக்கு மின்னாடியே பூவும் பொட்டுமா பூட்டா. அவரே அழுது தீத்துட்டாரு, நீங்கல்லாம் பாத்துக்கினுதானே இருந்தீங்க. நான் மேல் வீட்லேர்ந்து சோறு கொண்டாந்து வெச்சவ. என் வீட்டுக்காரர் எங்க கீறாருன்னு எனக்கே தெரியாது. உங்க கண்ல எங்கனா பட்டா, நான் இங்கதான் கீறேன்னு சொல்லுங்க."